அக்கா வீட்டுச் சாமான்கள்: ஹந்தானை, திகன, தெல்தோட்டை

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறக்கோட்டையிலிருந்து புறப்பட்ட ஏசி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கொழும்பிலிருந்து கண்டிக்கு நூற்றுப் பதினைந்து கிலோமீற்றர். ஒழுங்காகப் போனால் மூன்று மணித்தியாலம். கண்டிக்குப் போகிறவர்கள் வாவியைப் பார்ப்பார்கள், தலதா மாளிகையைப் பார்ப்பார்கள், குளிருக்கு ஒரு சுவெட்டர் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். நான் போனது அக்காவின் வீட்டுச் சாமான்களைப் பார்க்க. வீடு இப்போது இல்லை. அக்காவும் இல்லை. சாமான்களில் சில மட்டும் அங்கங்கே ஆட்களின் கையில் இருப்பதாகத் தெரிகிறது, தனியாகப் போய்க் கேட்க மனசு வரவில்லை, நீயும் வா தம்பி என்று அத்தான் போன் எடுத்திருந்தார்.

எனக்குப் போக விருப்பமிருக்கவில்லை. அந்தச் சாமான்களை நான் வெறுத்தேன். அம்மாவும் வெறுத்தாள். "கல்லுக்காகப் போனவ" என்று சொல்லித்தான் அம்மா அழுவாள். அழுகை பாதி, திட்டு பாதி.

நாங்கள் கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். வேலை கிடைத்து நான் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் தங்கிவிட்டேன். அப்பா போன பிறகு அம்மாவும் என்னோடு வந்துவிட்டாள். அக்கா பத்மினி கண்டியை விட்டு அசையவில்லை. ஒரு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தாள். செல்வராஜ் அத்தான் கணக்கு மாஸ்டர். பிள்ளைகள் இல்லை. ஹந்தானை வீதிக்கு மேலே, சரிவில், லோன் எடுத்து நாலு அறையில் ஒரு வீடு கட்டினார்கள். அந்த வீட்டை அழகுபடுத்துவதுதான் அக்காவுக்கு வாழ்க்கை முழுவதும் இருந்த ஒரே ஆசை.

அழகுபடுத்துவது என்றால் கடையில் கண்டதையெல்லாம் வாங்கி அடுக்குவது இல்லை. வீட்டில் ஒரு மூலை வெறுமையாக இருந்தால், அந்த மூலைக்கு என்ன வேண்டும் என்று வருடக்கணக்கில் யோசிப்பாள். பொருள் கிடைத்ததும் ஒரு கிழமைக்கு அதை நிலத்தில் வைத்திருப்பாள். காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம் என்று நகர்த்திப் பார்ப்பாள். எங்கே வைத்தும் ஒட்டவில்லையென்றால் யாருக்காவது கொடுத்துவிடுவாள். அப்படிச் சேர்ந்தவை நாற்பது இருக்கும். பித்தளைக் குத்துவிளக்குகள், செதுக்கிய மரப்பலகைகள், சுட்ட மண் குதிரை ஒன்று, ஒரு கல் பெண்.

எட்டரை மணியளவில் பஸ் கடுகண்ணாவை ஏற்றத்தில் திணறியது. போன மழையில் இடிந்த இடங்களில் மலை இன்னும் செம்மண்ணாகத் திறந்து கிடந்தது. ஒரு வளைவில் வீதியின் பாதி கயிறு கட்டி மறைக்கப்பட்டிருந்தது. என் பக்கத்தில் இருந்த பெரியவர் அந்த இடத்தைத் தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டார். தாண்டியதும், இந்தப் பாதையில் வர இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது என்று எனக்குச் சொன்னார். நானும் தலையசைத்தேன்.

அடுத்து பிலிமத்தலாவை வந்தது. வீதியின் இரண்டு பக்கமும் பித்தளைக் கடைகள். விளக்குகளும் தட்டங்களும் வெயிலில் மின்னுகின்றன. பல வருடங்களுக்கு முன் அக்கா என்னை இங்கே இழுத்து வந்து, ஒரு முழுக் காலைப்பொழுதை ஒரே விளக்கின் முன் கழித்தாள். கடையின் மின்விளக்குகளை அணைக்கச் சொன்னாள். விளக்கை வாசலுக்குத் தூக்கிப்போய் வெயிலில் வைத்துப் பார்த்தாள். கடைசியில் வாங்கவில்லை. கடை வெளிச்சத்தில் எல்லாமே அழகுதான், நம் வீட்டு வெளிச்சத்தில் எப்படியிருக்கும் என்று யோசிக்க வேண்டும் என்றாள். கடைக்காரர் கோபிக்கவில்லை. அடுத்த முறை வரும்போது வீட்டையும் கொண்டு வாங்க மிஸ் என்று சிரித்தார்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கினேன். அத்தான் நின்றிருந்தார். ஆறு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். சட்டை தோளில் நிற்கவில்லை. மகியாவையில் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறார். சாப்பிட்டாயா என்று கேட்டார். சந்தைக்குப் பக்கத்துக் கடையில் தோசை சாப்பிட்டோம். இரண்டு பேருக்கும் எழுநூறு ரூபாய்.

என்ன நடந்தது என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். போன வருடக் கடைசி மழையில், மூன்றாம் நாள், சரிவில் இருக்கிறவர்களை இறங்கச் சொன்னார்கள். அக்காவும் அத்தானும் பகலிலேயே உடுப்புப் பையோடு கீழே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். பின்னேரம் மழை கொஞ்சம் விட்டது. அந்த நேரத்தில் அக்கா திரும்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள். பின்னால் இருந்த மலை இறங்கியது. மறுநாள் அவளைக் குசினிக் கதவடியில் எடுத்தார்கள்.

யாருக்கும் சொல்லாமல், ஒரு சிலையை எடுக்கப் போனாள் என்பதுதான் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. செத்தவீட்டில் அம்மா அத்தானைப் பார்த்து, அவள் மேல் ஒரு கண் வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டாள். அத்தான் குனிந்துகொண்டு இருந்தார்.

முதலில் ஹந்தானைக்குப் போவோம் என்று நான்தான் சொன்னேன். செத்தவீட்டுக்கு வந்தபோது பாதை மூடியிருந்ததால், இடிந்த வீட்டை நான் பார்க்கவேயில்லை. ஆட்டோவுக்கு அறுநூறு ரூபாய் கேட்டார்கள். ஆஸ்பத்திரியைத் தாண்டி ஏறும்போதே நகரத்துச் சத்தம் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பைன் மரங்கள், கீழே வெள்ளித் தகடு மாதிரி வாவி. அழகான இடம்தான். இங்கே வீடு கட்டியவளைக் குறை சொல்ல முடியாது.

வீடு இருந்த இடத்தில் இரும்புக் கேற் மட்டும் நின்றது. அது பூட்டியும் இருந்தது. அதைத் தாண்டி ஒன்றுமில்லை. செம்மண், அதில் முளைத்த புல், சாய்ந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி. அத்தான் கேற்றுக்கு வெளியே நின்றுகொண்டார். நான் பக்கவாட்டால் சுற்றி உள்ளே போனேன். ஹோல் எங்கே, குசினி எங்கே என்று தடம் பிடிக்கப் பார்த்தேன். பிடிபடவில்லை. காலில் ஒரு ஓட்டுத்துண்டு இடறியது. எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தேன்.

அங்கிருந்து மேலே, மலையின் அடுத்த மடிப்பில், தோட்டத் தொழிலாளர்களின் லயம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கே கொழுந்து பறிக்கும் சரோஜாவை அக்காவுக்குப் பழக்கம். ஞாயிறுகளில் வீட்டு வேலைக்கு உதவிக்கு வருவாள். எங்களைக் கண்டதும், "வாங்கண்ணே, உள்ள வாங்க" என்று கதிரைகளைத் துடைத்துப் போட்டாள். பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். அவளுடைய டிவிக்குப் பின்னால், சுவரில் சாய்த்து, ஒரு மரப்பலகை இருந்தது. தாமரையும் கொடியும் செதுக்கியது. ஒரு பக்க விளிம்பு கருகியிருந்தது.

எனக்கு அதைத் தெரியும். அக்கா வீட்டு ஹோலில் வாசலுக்கு நேரே மாட்டியிருந்தது. இந்தக் கருகின பலகையைப் போய் நடுவீட்டில் மாட்டியிருக்கிறாளே என்று நான் நினைத்ததுண்டு.

மண்ணோடு இறங்கி வந்து கீழ் மலைத் தேயிலைக்குள் கிடந்ததாம். விறகென்று நினைத்து சரோஜாவின் புருசன் தூக்கி வந்து, கழுவியதும் பூவைக் கண்டு வைத்துவிட்டான். ஐயா என்றாவது வருவார், கொடுக்க வேண்டும் என்றுதான் வைத்திருந்தோம் என்றாள். அத்தான் பலகையைத் தடவிப் பார்த்தார்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று நான் சரோஜாவிடம் கேட்டேன். வேறு ஏதாவது காரணம் சொல்வாள் என்று ஒரு ஆசை. யாருக்காவது உதவப் போனாள், மறந்துபோன மருந்தை எடுக்கப் போனாள், ஏதோ ஒன்று. அப்படிச் சொன்னால் அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

"செலைக்குத்தாண்ணே போனாங்க," என்றாள் சரோஜா. "நான் மேல பாதையில நின்னு கூப்புட்டேன், போவாதீங்க மிஸ்ஸுன்னு. ஜன்னல்ல இருக்கிறவள மட்டும் எடுத்துக்கிட்டு ஓடியாந்துர்றேன் சரோஜான்னாங்க. ஐயாவோட பெரிய கொடையப் புடிச்சிருந்தாங்க. அந்தக் கொட வளைவுல திரும்பி மறையிற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். நான் பிளேன்ரீயைக் குடித்து முடித்தேன். ஜன்னலில் இருக்கிறவள் என்றால் கல் பெண். ஒன்றரைச் சாண் உயரம், தலை வாருகிற பாவனையில் உட்கார்ந்திருப்பாள். ஒரு கை கூந்தலில், ஒரு கை மடியில். கட்டுகஸ்தோட்டையில் பழைய பங்களா ஒன்றின் சாமான்களை விற்றபோது அக்கா வாங்கியது. கிழக்கு ஜன்னல்படிதான் அவளுக்குச் சரி என்று கண்டுபிடிக்க அக்காவுக்கு இரண்டு வருடம் எடுத்தது.

பலகையைப் பழைய பெட்சீற்றில் சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் திகன பஸ் பிடித்தோம். தென்னகும்புர, குண்டசாலை, பல்லேகல வழியாகப் பதினைந்து கிலோமீற்றர். நகரத்தைவிட அங்கே வெக்கை. மகாவலி ஒரு பாலத்தடியில் தெரிந்து, பிறகு மறைந்துவிடுகிறது. திகனவில் ஹனீபா நானாவின் கடை வீதிக்கரையிலேயே இருக்கிறது. பழைய கதவு, பழைய அலுமாரி, பித்தளைச் சாமான், ஓடாத மணிக்கூடுகள். முதலில் அத்தானுக்குப் போன் செய்தவர் அவர்தான். அன்ன விளக்கு ஒன்றைத் துணியில் சுற்றி மேசைக்கடியில் வைத்திருந்தார். அன்னத்தின் கழுத்து நெளிந்திருந்தது.

"இது மிஸ்ஸுட சாமான் தானே மாஸ்டர்? பழைய இரும்பு வாங்கிறவன் கொண்டு வந்தான். கண்டதும் வெளங்கிச்சி. நான் வித்த சாமான் எனக்குத் தெரியாதா."

விலை எவ்வளவு என்று அத்தான் கேட்டார். நானா கையை விரித்து வேண்டாம் என்றார். அத்தான் மறுபடி கேட்கவில்லை. பெட்சீற்றில் சுற்றியிருந்த பலகை மேல் நானாவின் கண் விழுந்தது. பிரித்துக் காட்டினோம். அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சில வருடங்களுக்கு முன் கலவரத்தில் இந்த வீதியில் முஸ்லிம் கடைகள் எரிந்த கதையைச் சொன்னார். அவருடைய கடையும் எரிந்தது. மிஞ்சியது இரும்பும் கரியும்தான்.

"அதுக்குப் பொறகு எத்தனையோ பேர் வந்து பார்த்துட்டுப் பாவம்னு செல்லிட்டுப் போனாங்க. மிஸ் வந்து இந்தப் பலகையத் தூக்கி, என்ன வெலன்னு கேட்டாங்க. எரிஞ்ச சாமானுக்கு வெலயான்னு கேட்டேன். எரியிறதுக்கு முந்தின வெலயச் செல்லுங்கன்னாங்க. நான் செல்லுறதுக்கு முந்தியே காச வச்சிட்டாங்க, அது கூடுதலாத்தான் இருந்திச்சி. அந்தக் கடையில பொறகு நடந்த முதல் யாவாரம் அது."

அத்தானுக்கு அந்தக் கதை தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது. அக்கா எனக்குச் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. ஏன் கருகியதை மாட்டியிருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

புறப்படும் நேரம் நானா இன்னொன்று சொன்னார். இரண்டு மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஆள் ஒரு கல் சிலையைச் சாக்கில் கொண்டு வந்து விலை கேட்டாராம். தலை வாரும் பெண். ஹந்தானை மண்ணை அள்ளுகிற பெக்கோ மெசினோடு வேலைக்குப் போனபோது கிடைத்ததாம். மனித உருவங்களை நானா வாங்குவதில்லை. அதனால் திருப்பி அனுப்பிவிட்டார். அது அக்காவுடையது என்று அப்போது அவருக்குத் தெரியாது. அதை அக்காவுக்கு விற்றது அவரில்லை, அக்கா வீட்டில் அதைப் பார்த்ததுமில்லை. அன்ன விளக்கு வந்த பிறகுதான் இரண்டையும் சேர்த்து யோசித்திருக்கிறார்.

"எடுத்து வச்சிருந்தா இன்டைக்கி உங்கட கையில தந்திருப்பேன்," என்றார். அதை அவர் இரண்டு தரம் சொன்னார். அந்த ஆளின் பெயர் முருகேசு. தெல்தோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம்.

இரவு அத்தானின் அறையில் தங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை குட்ஷெட்டிலிருந்து தெல்தோட்டை பஸ் ஏறினோம். பேராதனை, ஹிந்தகலை, கலஹா வழியாக முப்பது கிலோமீற்றருக்கு மேல். தூரத்தைவிட வளைவுகள்தான் பாதை. தேவாலயத்துக்குப் போகும் பெண்கள், மரக்கறி மூட்டைகள், கோழிக்குஞ்சுப் பெட்டி ஒன்று. பேராதனையில் மகாவலிப் பாலத்தைக் கடக்கும்போது அத்தான் ஆற்றைப் பார்த்தபடி சொன்னார்.

"அந்தச் செல கெடச்சா வீட்டுக்குக் கொண்டு போறதுக்கு இல்ல சந்திரா. திரும்பி வர்றப்ப இங்க எறங்கி ஆத்துல போட்டுடப் போறேன்."

நல்லது என்று சொன்னேன். உண்மையாகவே எனக்கு அதுதான் சரியென்று பட்டது.

கலஹாவுக்கு மேலே குளிர் ஏறியது. லூல்கந்துரவுக்குத் திரும்பும் பாதையில் வெள்ளைக்கார ஜோடி ஒன்று பைகளோடு இறங்கியது. இலங்கையில் முதன்முதல் தேயிலைத் தோட்டம் போட்ட இடத்தைப் பார்க்கப் போகிறார்கள். தெல்தோட்டை சின்னப் பட்டணம். ஒரு பள்ளிவாசல், ஒரு கோவில், கடைத்தெரு, அதற்குள் முடிந்துவிடும். கடையில் முருகேசு என்று விசாரித்தோம். எந்த முருகேசு, பெக்கோ முருகேசா என்றார் கடைக்காரர். ஆட்டோவில் அரை மணி நேரம். கடைசிப் பகுதி கல் ரோடு. ஆட்டோக்காரர் ஆயிரத்து இருநூறு வாங்கிக்கொண்டு, பீலியம்மாவைப் பார்க்கவா போறீங்க என்று கேட்டார். எங்களுக்குப் புரியவில்லை. முருகேசு வீட்டுக்கு என்றோம். இரண்டும் ஒரே இடம்தான் என்றார்.

லயத்தின் கோடியில், மலையிலிருந்து தண்ணீர் குழாயில் வந்து விழும் பீலி. அதன் அருகே பலாமரத்தடியில் நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டிருந்தார்கள். உள்ளே செங்கல் மேடை. அதன் மேல் சிவப்புச் சேலைத் துண்டு கட்டி, நெற்றியிலும் கன்னத்திலும் குங்குமம் அப்பி, செவ்வந்திப் பூச் சாத்தி, கல் பெண் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு மண் விளக்கு.

அத்தான் பீலிக்கரையிலேயே நின்றுவிட்டார். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண் வாளியை வைத்துவிட்டு, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டாள். அவள்தான் முருகேசுவின் மனைவி லெட்சுமி.

முருகேசு எங்கள் விசயத்தைக் கேட்டதும் முகம் கறுத்துப்போனார். ஒளிக்காமல் சொன்னார். விற்கத்தான் பார்த்தார். திகனவிலும் கண்டியிலும் யாரும் வாங்கவில்லை. கை உடைந்ததை வைத்து என்ன செய்வது என்று கேட்டார்கள். மடியில் இருந்த கை மண்ணுக்குள்ளேயே போய்விட்டது. திரும்பிக் கொண்டுவந்து வாசலில் போட்டார். லெட்சுமிதான் கழுவி, மண்ணிலிருந்து வந்தவளை இப்படிப் போடக் கூடாது என்று மரத்தடியில் வைத்தாள். பிறகு ஒவ்வொருவராகப் பூ வைக்கத் தொடங்கினார்கள். மலை இறங்காமல் பார்த்துக்கொள் என்று மழை நாட்களில் வந்து நிற்கிறார்களாம்.

"ஒங்க பொருளுங்கய்யா. எடுத்துக்குங்க," என்றார் முருகேசு. லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

அத்தான் மெதுவாக, இது சாமியில்லை என்றார். தலை வாருகிற ஒரு பொம்பிளை. என் மனைவி எங்கள் வீட்டு ஜன்னலில் அழகுக்கு வைத்திருந்தாள். இதை எடுக்கப் போய்த்தான் செத்துப்போனாள்.

லெட்சுமி வாயில் கை வைத்தாள். பெண்களில் ஒருத்தி விளக்கடியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு லெட்சுமி, யாரும் கேட்கக்கூடியதைத்தான் கேட்டாள். "அம்மா சொல்லாம போயிட்டாங்களாங்கய்யா?"

"இல்லம்மா," என்றார் அத்தான். "கேட்டுட்டுத்தான் போனா. மழ விட்டிருச்சி, அவள மட்டும் எடுத்துக்கிட்டு வந்துரட்டுமான்னு கேட்டா. போயிட்டு வெரசா வான்னு நான்தான் சொன்னேன். கொடையையும் நான்தான் குடுத்தேன்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. லெட்சுமியைப் பார்த்துத்தான் சொன்னார். இந்த ஆறு மாதத்தில் எங்கள் யாரிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். முப்பது வருடம் அவள் எதைக் கேட்டும் வேண்டாமென்று சொன்னதில்லை, அன்றைக்கும் வாய் வரவில்லை என்றார். அவ்வளவுதான்.

எனக்குள் ஏறியது துக்கமில்லை, கோபம். செத்தவீட்டில் இவர் குனிந்திருந்தது கண்ணுக்கு முன்னால் வந்தது. சொல்லாமல் போனாள், பேராசையால் போனாள் என்று ஊரே அக்காவைப் பேசியபோது இவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அப்படியே திரும்பி நடக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் ஆட்டோ போய்விட்டது. பட்டணத்துக்கு நடந்தால் எவ்வளவு நேரமென்று தெரியாது. பலாமரத்தில் சாய்ந்து நின்றேன்.

அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு மேடைக்குக் கிட்டப் போனார். அந்தச் சேலையை ஒருதரம் எடுத்துக் காட்ட முடியுமா என்று கேட்டார். லெட்சுமி மற்றப் பெண்களைப் பார்த்தாள். பிறகு தானே அவிழ்த்து, தண்ணீர் ஊற்றிக் குங்குமத்தைக் கழுவினாள். கல் பெண்ணின் முகம் தெளிந்தது. கூந்தலில் இருந்த கை அப்படியே இருந்தது. மற்றக் கை முழங்கையோடு இல்லை. அத்தான் அவளுடைய தோளில் கையை வைத்து நின்றார். ஆற்றில் போடப்போகிறேன் என்ற ஆள், வேறு ஒன்று கேட்டார். இவளைக் கொஞ்சம் கிழக்கே திருப்பி வைக்கலாமா என்றார். காலை வெயில் முகத்தில் விழ வேண்டும், அப்போதுதான் கண் திறந்த மாதிரித் தெரியும், என் மனைவி அப்படித்தான் வைத்திருந்தாள் என்றார்.

முருகேசுவும் அவரும் சேர்ந்து தூக்கித் திருப்பினார்கள். முதலில் அளவுக்கு மேல் திரும்பிவிட்டது. அத்தான் பின்னால் போய் நின்று பார்த்து, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்று கையால் காட்டினார். மறுபடி நகர்த்தினார்கள். அக்கா வீட்டில் இதே மாதிரி நின்று அவள் சொல்ல, அவர் முனகிக்கொண்டே தூக்கி வைப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். என் கோபம் தீரவில்லை. ஆனால் அவரைப் பார்க்க முடியாமல் போனது.

"அய்யா கொண்டு போறதுன்னா ஒரு பொங்க வச்சி அனுப்புறோம்," என்றாள் லெட்சுமி.

இருக்கட்டும் என்றார் அத்தான். இங்கேயே இருக்கட்டும். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

லெட்சுமி சிவப்புச் சேலையைத் திரும்பக் கட்டினாள். எங்களுக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் கொடுத்தாள். சாப்பிட்டோம். முருகேசு தெரிந்த ஆட்டோ ஒன்றைக் கூப்பிட்டுவிட்டார், ஆட்டோக்காரர் காசு வாங்கவில்லை.

தெல்தோட்டையில் கண்டி பஸ் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. அந்தப் பட்டணத்தில் ஒருவரை விட்டு ஒருவர் விலகி இருக்க இடமில்லை. பஸ் தரிப்பிடத்து ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தோம். மூடுபனி கடைத்தெருவுக்குள் இறங்கி, எதிரே இருந்த கோவில் கோபுரத்தை மறைத்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அம்மா முன்னால் வாய் வரவில்லை என்றார். பிறகு ஒவ்வொரு நாளும் பிந்திக்கொண்டே போனது. பிந்தப் பிந்த இன்னும் கஷ்டமானது. அவளைக் குறை சொல்லிப் பேசும்போதெல்லாம் எழுந்து சொல்ல வேண்டும் என்று நினைப்பார், காலம் கடந்துவிட்டது என்று இருந்துவிடுவார்.

"வீட்டுல நான் சொல்லவா?"

"சொல்லு," என்றார். "நான் சொல்ல வேண்டியது. நீயாவது சொல்லு."

பஸ் பேராதனைப் பாலத்தைக் கடந்தபோது அவர் நித்திரையாகியிருந்தார். தலை என் தோளில் சரிந்தது. தள்ளிவிடவுமில்லை, சரியாகச் சாய்த்துக்கொள்ளவுமில்லை. கண்டிவரை அப்படியே வந்தேன்.

திங்கட்கிழமை காலை கொழும்புக்குப் புறப்பட்டேன். மகியாவை அறையில் இடமில்லை, நீ கொண்டு போ என்று அத்தான் பலகையைத் தந்துவிட்டார். அன்ன விளக்கை அவர் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் பலகைக்கும் ஒரு சீட்டுக் காசு கேட்பார்களோ என்று பயந்தேன். கொண்டக்டர் கேட்கவில்லை.

வெள்ளவத்தையில் எங்கள் பிளட் மூன்றாம் மாடி. ஹோல் சுவரில் ஒரு கலண்டர், ஒரு மணிக்கூடு, எங்கோ வாங்கிய நீர்வீழ்ச்சிப் படம். ஒன்றையும் யாரும் யோசித்து வைக்கவில்லை. முன்பு இருந்தவர்கள் அடித்துவிட்டுப் போன ஆணிகள் எங்கே இருந்தனவோ அங்கே அவை தொங்குகின்றன. பலகையைச் சாய்த்து வைக்க ஒரு இடம் தேடினேன். எங்கே வைத்தாலும் ஒட்டவில்லை. கடைசியில் என் அறை அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பின்னேரம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கருகிய பலகையின் கதை, பீலிக்கரை, குடை. முடிந்ததும் அம்மா, கேட்டுட்டா போனா என்று ஒருதரம் கேட்டாள். ஆம் என்றேன். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அழுதுகொண்டிருந்தாள். இந்தத் தடவை அதில் திட்டு இல்லை. பத்மினி, பத்மினி என்று பெயரை மட்டும் சொல்லி அழுதாள்.

அந்தக் கிழமை முழுவதும் அத்தானைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அவர் மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது, கொஞ்சம் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா கதிரையில் இருந்தபடி, "அவ வந்து மொகத்தப் பார்த்துக் கேட்டிருந்தா, நானுந்தான் போன்னு சொல்லியிருப்பேன்," என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு அத்தானுக்குப் போன் எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. அவர் தெல்தோட்டைக்குப் போயிருப்பார், பீலிப் பக்கம் மலை மறைப்பில் போன் வேலை செய்யாது என்றேன்.

"திரும்பி வர நேரமாகுமா?"

நாலு மணி பஸ்ஸில் ஏறினால் கண்டிக்கு வர ஆறாகிவிடும் என்றேன். அம்மா மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, போனை அவள் பக்கத்துச் சிறிய மேசையில் வைக்கச் சொன்னாள்.